தொடாத இடத்தின் கணக்கு

12.000000, 7.000000, -3.415000, அதன் பின் ஆறு பூஜ்ஜியங்கள். ஒரு வரிக்கு ஒன்பது எண்கள். இப்படி ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள் கீழே ஓடிக்கொண்டே இருக்கின்றன. தலைப்பு இல்லை, தேதி இல்லை, அளவு மில்லிமீட்டரிலா அங்குலத்திலா என்ற குறிப்பும் இல்லை. மெஷின்களை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற மென்பொருளில் ‘புரோப்ஓப்பன்’ கட்டளை கொடுத்தால் அது எழுதித் தரும் கோப்பு இதுதான். முதல் மூன்று எண்கள் எக்ஸ், ஒய், இசட். மற்ற ஆறும் சுழலும் அச்சுகளுக்கும் துணை அச்சுகளுக்கும் ஒதுக்கிய இடங்கள். வீட்டு மெஷினில் அந்த அச்சுகள் கிடையாது, பூஜ்ஜியமாகவே கிடக்கின்றன.

கோவை கணபதியில் என் நண்பர் ஒருவர் மொட்டைமாடி அறையில், கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் சிறிய சிஎன்சி மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். அலுமினியச் சட்டங்களைப் போல்ட் போட்டுக் கட்டியது. எட்டு மில்லிமீட்டர் திருகுத் தண்டு, ஸ்டெப்பர் மோட்டார், யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். துணிக்கு அச்சு போடும் பழைய மரக்கட்டை ஒன்று அவர் கைக்கு வந்தது. தேக்கில் செதுக்கிய மாங்காய். ஓரங்கள் மழுங்கி, சாயம் ஊறிக் கறுத்துப்போனது. அதைப் போலவே இன்னொன்று செதுக்க அவருக்கு ஆசை. செதுக்குவதற்கு முன் அளக்க வேண்டும். ஸ்பிண்டிலில் வெட்டும் பிட்டைக் கழற்றிவிட்டுப் புரோப்பை மாட்டினார். நுனியில் இரண்டு மில்லிமீட்டர் பந்து உள்ள ஊசி அது. நூறுக்கு அறுபது மில்லிமீட்டர் பரப்பில் மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 101 பெருக்கல் 61, மொத்தம் 6161 புள்ளிகள். புள்ளிக்கு ஐந்து வினாடி என்று வைத்தாலும் எட்டரை மணி நேரம் பிடிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் கோப்பைப் படமாக்கிப் பார்த்தபோது மாங்காயின் மேல்பகுதி ஓரளவு சரியாக இருந்தது. கீழே போகப் போக அது இரண்டாகக் கிழிந்திருந்தது. ஒரு வரிசை இடப்பக்கம், அடுத்த வரிசை வலப்பக்கம் என்று நகர்ந்து, அடிப்பகுதியில் இரண்டு மாங்காய்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. அங்கங்கே ஊசி ஊசியாக முட்கள் மேலே குத்திட்டு நின்றன. நன்றாக வந்த மேல்பகுதியிலும் ஓரங்கள் பல் பல்லாகத் தெரிந்தன. மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஆனால் கோப்பில் மூன்றுக்கும் ஒரே முகம்தான்: ஒன்பது எண்கள், ஆறு தசமம்.

அந்த ஆறு தசமத்தை முதலில் மறந்துவிட வேண்டும். இந்த மோட்டார் ஒரு சுற்றை 200 அடியாக எடுத்து வைக்கிறது. டிரைவர் ஒவ்வொரு அடியையும் எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1600. தண்டு ஒரு சுற்றில் எட்டு மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஆக மெஷின் எடுத்து வைக்கக்கூடிய மிகச் சிறிய அடி ஐந்து மைக்ரான். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குக் கீழே நகரவே முடியாத ஒரு மெஷினைப் பற்றி, பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை கோப்பு பேசுகிறது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எண்ணை அச்சிடும் நிரலுக்கு மெஷினின் யோக்கியதை தெரியாது, அவ்வளவுதான். படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘தொட்டேன்’ என்று மெஷின் சொல்லும்போது அதன் பொருள் என்ன?

1972-இல் ரோல்ஸ்-ராய்ஸில் பொறியாளராக இருந்த டேவிட் மெக்மர்ட்ரிக்கு ஒரு சிக்கல் வந்தது. கன்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டும். அப்போதிருந்த அளவு ஊசிகள் விறைப்பானவை. அவை பட்ட வேகத்தில் குழாயே அசைந்துவிடும். அசைந்த பொருளை அளந்து என்ன பயன்? அவர் செய்த புரோப்பில் ஊசி எதிலும் இறுகப் பிணைக்கப்படவில்லை. ஊசியின் அடியில் மூன்று சிறிய உருளைகள். ஒவ்வோர் உருளையும் இரண்டு குண்டுகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். இந்த ஆறு தொடுமுனைகள் வழியாகவும் தொடராக மின்சாரம் ஓடுகிறது. ஊசி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதாவது ஒரு முனை விலகி ஓட்டம் அறுபடும். ஊசியை விட்டால் மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். 1973-இல் அவரும் ஜான் டீரும் சேர்ந்து தொடங்கிய ரெனிஷா நிறுவனம் இந்த ஒரு கருவியிலிருந்துதான் வளர்ந்தது. இன்று இணையத்தில் வாங்கும் மலிவான புரோப்புகளுக்குள்ளும் பெரும்பாலும் இதே மூன்று உருளை, ஆறு குண்டுதான்.

ஆகவே ஊசி மரத்தைத் தொட்டதா என்பது மெஷினுக்குத் தெரியாது. ஒரு கம்பியில் மின்சாரம் நின்றதா என்பது மட்டுமே தெரியும். மின்சாரம் நிற்பதற்குத் தொடுவது ஒரு காரணம். கம்பி அறுந்தாலும் நிற்கும், கனெக்டர் தளர்ந்தாலும் நிற்கும், குண்டுகளில் அழுக்கு படிந்தாலும் நிற்கும். இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. சாதாரண நிலையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி இணைத்தால், கம்பி அறுந்த புரோப் ‘தொட்டுவிட்டேன்’ என்று சொல்லும், மெஷின் நிற்கும், நஷ்டம் நேரம் மட்டுமே. தொட்டால்தான் மின்சாரம் ஓடும் என்று தலைகீழாக இணைத்தால், அறுந்த கம்பி ‘இன்னும் தொடவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், மெஷின் ஊசியை மரத்துக்குள் இறக்கும். சர்க்யூட் போர்டு செதுக்குகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகையைத் தவிர வேறு வழியில்லை. அவர்களுக்கு வெட்டும் பிட்டே புரோப். செம்புத் தகடு மறுமுனை. இடையில் ஒரு முதலைக் கிளிப். அந்தக் கிளிப்பைப் பிட்டில் மாட்டாமல் ஸ்பிண்டில் உடம்பில் மாட்டினால் பேரிங்கில் இருக்கும் கிரீஸே மின்சாரத்தைத் தடுத்துவிடக்கூடும். பிட் உடைந்த பிறகுதான் பலர் கிரீஸை நினைக்கிறார்கள்.

தொட்ட கணத்துக்கும் நின்ற கணத்துக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. ஓடுகிற மெஷின் சட்டென்று நிற்காது, வேகத்தைக் குறைத்துத்தான் நிற்கும். அதனால் நின்ற இடத்தைக் கேட்கக் கூடாது, கம்பி செத்த கணத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சி வழக்கமான அமைப்பில் புரோப் கம்பியை மில்லிவினாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. நிமிடத்துக்கு நூறு மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒரு மில்லிவினாடியில் 1.67 மைக்ரான் கடக்கும். அது ஓர் அடிக்கும் குறைவு, கவலையில்லை. அவசரப்பட்டு அறுநூறு வேகத்தில் இறக்கினால் பத்து மைக்ரான். கெர்பில் என்ற மென்பொருள் தொட்ட கணத்தின் இடத்தைத் தனியாகப் பிடித்து வைத்து, நின்ற பிறகு அதைச் சொல்கிறது. சொல்வது மெஷினின் சொந்த ஆயத்தில். வேலைக்காக நாம் வைத்த பூஜ்ஜியத்திலிருந்து அல்ல. திரையில் -3 என்றும் பதிவில் -21 என்றும் பார்த்துத் தலையைச் சொறிகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதி நாள் மிச்சமாகும். மாக்3 என்ற இன்னொரு மென்பொருளில் மேக்ரோ எழுதுகிறவர்களுக்கு வேறு பொறி இருக்கிறது. ஜி31 கட்டளைக்குப் பின் மெஷின் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லும் வரியைச் சேர்க்காவிட்டால், மேக்ரோ முந்திக்கொண்டு போய் முந்தைய புள்ளியின் உயரத்தைப் படித்து இந்தப் புள்ளியின் பெயரில் எழுதிவிடும். கோப்பு முழுக்க நிஜமான அளவுகள், ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டு விலாசத்தில்.

நண்பரின் கோப்புக்கு வருவோம். முட்களை முதலில் பார்த்தோம்.

முள் என்பது, மரத்துக்கு மேலே காற்றிலேயே ‘தொட்டுவிட்டேன்’ என்று புரோப் சொன்ன இடம். இதற்கு இரண்டு காரணங்கள் சாதாரணமாக இருக்கும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு வேகமாக நகர்ந்து நிற்கும்போது ஊசி ஆடி, உருளை ஒன்று குண்டைவிட்டு ஒரு கணம் எழும்பியிருக்கலாம். அப்படியானால் இறங்கத் தொடங்கிய உடனேயே அது நடக்கும், எல்லா முட்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். அல்லது பக்கத்தில் ஓடும் மோட்டார் கம்பிகளின் மின் இரைச்சல் புரோப் கம்பியில் ஏறியிருக்கலாம். இரைச்சல் எப்போது வேண்டுமானாலும் வரும். முட்களின் உயரமும் கண்டபடி இருக்கும். நண்பரின் முட்கள் கண்டபடிதான் இருந்தன. போய்ப் பார்த்தால் புரோப் கம்பியும் மூன்று மோட்டார்களின் கம்பிகளும் ஒரே பிளாஸ்டிக் சங்கிலிக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. உறை போட்ட கம்பி, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் இணைப்பது, புரோப் கம்பியைத் தனி வழியில் கொண்டுபோவது, பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. அதோடு முட்கள் ஒழிந்தன. அந்த கெபாசிட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி தாமதத்தைக் கொண்டுவருகிறது. நூறு வேகத்தில் அது ஒன்றரை மைக்ரான் சொச்சம். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவு என்பதால் படம் கெடாது, மொத்தமும் ஒரு தலைமயிரின் சிறு பங்கு கீழே இறங்கும்.

இங்கே ஒரு சண்டையைச் சொல்லிவிட வேண்டும். நண்பர் முதலில் கம்பியைத் தொடவில்லை. படத்தை மென்மையாக்கும் வடிகட்டி ஒன்றை மென்பொருளில் அழுத்தினார். முட்கள் மாயமாகிவிட்டன, படம் வெண்ணெய்போல் ஆனது. எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை. அந்த வடிகட்டிக்கு முள் எது, உளித் தடம் எது என்று தெரியாது. பழைய ஆசாரி உளியை நிறுத்தித் திருப்பிய இடங்களில் இருந்த மெல்லிய படிகளும் முட்களோடு சேர்ந்து போய்விட்டன. அதைவிட மோசம், கம்பியில் இருக்கும் கோளாறு அப்படியே இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு கோப்பிலும் அது இருக்கும், ஒவ்வொரு முறையும் வடிகட்டி அதை மறைக்கும். கோளாறு எது என்று தெரியும்வரை கோப்பில் ஓர் எண்ணையும் திருத்தக் கூடாது என்பது என் கட்சி. தெரிந்த பிறகும் திருத்துவதைவிட மறுபடி அளப்பது நல்லது. அவர் சிரித்தார். எட்டரை மணி நேரம் மெஷின் ஓடுவதை நினைத்துச் சிரித்திருப்பார்.

கிழிந்த மாங்காய்தான் அதிகம் யோசிக்க வைத்தது.

கோப்பின் வரிகளை எண்ணினோம். 6161 இருக்க வேண்டும், 6138 இருந்தன. இருபத்துமூன்று புள்ளிகளைக் காணோம். கோப்பில் இடைவெளி இல்லை, வெற்று வரி இல்லை, எந்தக் குறியும் இல்லை. படமாக்கும் நிரலோ எக்ஸையும் ஒய்யையும் படிக்காமல் இசட்டை மட்டும் எடுத்து, வரிசைக்கு 101 என்று அடுக்கிக்கொண்டே போகிற ரகம். நேரம் மிச்சம் பிடிக்க மெஷின் ஒரு வரிசையை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் அளந்திருந்தது. ஒரு புள்ளி விடுபட்டால் அதற்குப் பின் வரும் எல்லாம் ஒரு கட்டம் முன்னே தள்ளப்படும். போகும் வரிசையில் அது இடப்பக்க நகர்வு, திரும்பும் வரிசையில் வலப்பக்க நகர்வு. கடைசி வரிசைகளில் இருபத்துமூன்று மில்லிமீட்டர் இந்தப் பக்கம், இருபத்துமூன்று அந்தப் பக்கம். இரட்டை மாங்காய் பிறந்த கதை இதுதான்.

விடுபட்ட புள்ளிகளின் இடத்தைத் தேடிக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். மாங்காயின் வயிற்றில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் துளைகள் இருந்தன. அச்சுக் கட்டைகளில் இப்படித் துளைகள் போடுவது வழக்கம். துணியில் அழுத்தும்போது உள்ளே அடைபடும் காற்று வெளியேறுவதற்காக. பந்து அந்தத் துளைக்குள் இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர்வரை இறங்கிப் பார், எதுவும் படாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போ என்பது அதற்குக் கொடுத்த உத்தரவு. ஜி38.3 என்ற கட்டளை அப்படித்தான் வேலை செய்யும். ஜி38.2 கொடுத்திருந்தால் எதுவும் படாத முதல் இடத்திலேயே பிழை என்று சொல்லி வேலையை நிறுத்தியிருக்கும். ராத்திரி முழுக்க ஓட வேண்டிய வேலை பத்து மணிக்கே நின்றுவிடக் கூடாதே என்றுதான் எல்லோரும் 38.3-ஐப் போடுகிறார்கள். லினக்ஸ்சிஎன்சியின் புரோப் பதிவு வெற்றி பெற்ற தொடுகைகளை மட்டுமே எழுதும். அதன் கையேட்டில் இது ஒரே ஒரு சொல்லாக இருக்கிறது. அந்தச் சொல்லை நிறுத்திப் படிப்பவர்கள் குறைவு.

கெர்பில் இதற்கு நேர் எதிரான வழியில் கெடுக்கும். அது ஓடுவது ஆர்டுயினோ ஊனோ பலகையில், இரண்டு கிலோபைட் நினைவகத்தில். பழைய புள்ளிகளைச் சேர்த்து வைக்க அங்கே இடமில்லை. ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு வரி அனுப்பிவிட்டு மறந்துவிடும். அந்த வரியில் மூன்று ஆய எண்கள், ஒரு முக்காற்புள்ளி, கடைசியில் ஒன்று அல்லது பூஜ்ஜியம். ஒன்று என்றால் தொட்டது. 38.3-இல் எதுவும் படாமல் போனாலும் மூன்று எண்கள் வரத்தான் செய்யும், இறக்கம் முடிந்த இடத்தின் எண்கள். கடைசியில் பூஜ்ஜியம் மட்டும் இருக்கும். பெறும் நிரல் அந்தக் கடைசி இலக்கத்தைக் கண்டுகொள்ளாவிட்டால், தொடாத இடமெல்லாம் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் தரையிருப்பதாகப் பதிவாகும். ஒன்று தொடாத இடத்தை மறைக்கிறது. மற்றொன்று அதைச் சொல்கிறது, நாம் கேட்பதில்லை. இரண்டில் எனக்குக் கெர்பில்தான் நேர்மையாகப் படுகிறது. தோல்வியையும் எழுதுகிறதே.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் வெளியிட்ட புறநானூற்றை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தொகையில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. 266-க்குப் பிறகு 269 வருகிறது. கிடைத்தவற்றை நெருக்கி அடுக்கி 398 பாட்டு என்று கணக்கு முடித்திருந்தால் அடுத்து வருவதெல்லாம் இரண்டு எண் நகர்ந்திருக்கும். நூற்றாண்டு கழித்துப் படிக்கிறவனுக்கு அங்கே ஏதோ இருந்தது என்றே தெரிந்திருக்காது. சிதைந்த அடிகளுக்கும் புள்ளிகள் உண்டு. கிடைக்காத பாட்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்துக்கு ஓர் எண் இருக்கிறது.

லினக்ஸ்சிஎன்சியிலும் இதைச் செய்ய முடியும், நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு தொடுகைக்கும் பின் #5070 என்ற மாறியில் ஒன்றோ பூஜ்ஜியமோ வந்து உட்காரும். புரோப்ஓப்பனை நம்பாமல் லாக்ஓப்பன் கட்டளையால் சொந்தக் கோப்பு திறந்து, தொட்டால் அந்த இடத்தைச் சொல்லும் #5061 முதல் #5063 வரையுள்ள எண்களையும் ஓர் ஒன்றையும், தொடாவிட்டால் போக நினைத்த இடத்தையும் ஒரு பூஜ்ஜியத்தையும் எழுதச் சொல்லலாம். நண்பர் அப்படியே எழுதினார். அடுத்த காலை 6161 வரிகள் இருந்தன. மாங்காய் ஒன்றாகிவிட்டது. துளைகள் இருந்த இடத்தில் துளைகள் இருந்தன.

பல் பல்லான ஓரம் மட்டும் மிச்சம். பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் மூத்த டர்னர் ஒருவர் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு மேலே வந்தார். பேப்பர் துண்டை வைத்து டூலுக்கு டச் எடுத்தே காலம் தள்ளியவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இது போகையிலயும் தொடுதா, வரையிலயும் தொடுதா?”

“ரெண்டுலயும்தானுங்க.”

“அப்ப ஒரு பக்கமா வந்து தொடச் சொல்லுங்க. ஸ்க்ரூல ஆட்டம் இல்லாத மிசினை நான் இன்னும் பார்த்ததில்லீங்க.”

திருகுத் தண்டுக்கும் அதன் நட்டுக்கும் இடையில் உள்ள சிறு தளர்வு அது. இடமிருந்து வந்து நிற்கும்போது மெஷின் சொல்லும் ‘12’ ஓர் இடம், வலமிருந்து வந்து நிற்கும்போது சொல்லும் ‘12’ இன்னோர் இடம். தட்டையான பரப்பில் இது தெரியாது. செங்குத்தான ஓரத்தில் ஒரு வரிசை மேட்டைத் தொடும், அடுத்த வரிசை அதே எக்ஸில் பள்ளத்தைத் தொடும். கோப்பில் எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதற்குப் பத்தி கிடையாது. வரிசை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்து நாமாக ஊகிக்க வேண்டும். திரும்பும் வரிசையில் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு மில்லிமீட்டர் தாண்டிப் போய், திரும்பி இடப்பக்கத்திலிருந்து வந்து தொடும்படி மாற்றினார் நண்பர். நேரம் கூடியது, பற்கள் உதிர்ந்தன.

நேரத்துக்கும் அந்தக் கோப்பில் பத்தி கிடையாது. ஒரு ராத்திரிக்கு மேல் ஓடும் வேலையில் முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே சூட்டில் அளக்கப்பட்டவை அல்ல. அலுமினியம் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும், சுருங்கும். முந்நூறு மில்லிமீட்டர் சட்டம், விடிவதற்குள் ஐந்து டிகிரி இறங்குகிறது என்றால் முப்பத்தைந்து மைக்ரான். இந்த மெஷினுக்கு ஏழு அடி. மரம் தன் பங்குக்குப் பனியைக் குடித்து ஊதும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரே இரும்புத் துண்டைத் தொட்டுப் பார்த்துவரச் சொன்னால் மெஷின் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். அந்த எண்களைக் கழிக்கக்கூட வேண்டாம், கோப்பில் கிடந்தால் போதும். அதே துண்டை வேலை தொடங்கும் முன் பத்துத் தடவை தொடச் சொல்லி, பத்து எண்களும் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பது இன்னும் நல்லது. ஓர் அடி இரண்டு அடிக்குள் சிதறினால் மெஷின் சௌக்கியம். ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் எங்கோ ஏதோ தளர்கிறது அல்லது சூடாகிறது. நடுவில் ஒன்று மட்டும் துள்ளினால் கம்பியைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த சுத்தமான கோப்பு மரத்தின் வடிவம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. கோப்பு சொல்வது பந்தின் நிலை. மரத்தைத் தொட்டது பந்தின் ஏதோ ஒரு பக்கம். தட்டையான இடத்தில் அடிப்பக்கம் தொடும், வித்தியாசமில்லை. நாற்பத்தைந்து டிகிரி சரிவில் பந்தின் பக்கவாட்டுதான் முதலில் படும்; அந்த இடத்தில் மரம் உண்மையில் இருப்பதைவிட 0.41 மில்லிமீட்டர் மேலே இருப்பதாகப் பதிவாகும். மேடுகள் கொழுக்கும், பள்ளங்கள் ஒடுங்கும். சரிவு தெரிந்தால் இதைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம். திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது. மாங்காயின் உள்ளே ஓடும் நரம்புகள் ஒன்றரை மில்லிமீட்டர் அகலக் கோடுகள். இரண்டு மில்லிமீட்டர் பந்து அவற்றின் அடிவரை இறங்கவே இறங்காது, இரண்டு கரைகளிலும் உட்கார்ந்துகொண்டு ‘தொட்டேன்’ என்று சொல்லும். கோப்பில் அதற்கு நல்ல எண் ஒன்று இருக்கும், கடைசியில் ஒன்று என்ற வெற்றிக் குறியும் இருக்கும். துளை தொடாத இடமென்று இப்போது தெரிகிறது; நரம்பின் அடியும் தொடாத இடம்தான், அதை எந்த மாறியும் சொல்லாது. நண்பர் நரம்புகளைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். அந்த இடங்களில் புதிய கட்டை அவருடையது, பழைய ஆசாரியுடையது அல்ல. இதை அவர் ஒரு தாளில் எழுதிக் கட்டையின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்.

பழைய அச்சுக் கட்டைகளையோ வேறு எதையோ இப்படி அளந்து வைக்க நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெருகேற்றிய படத்தை மட்டும் வைக்காதீர்கள், மெஷின் எழுதிய மூலக் கோப்பையும் கூடவே வையுங்கள். அதன் தலையில் பந்தின் விட்டம், இறங்கிய வேகம், வந்த திசை, அலகு, தொடங்கிய நேரம் இவற்றை எழுதுங்கள். தொடாத புள்ளிகளுக்கும் ஒரு வரி கொடுங்கள். கோப்பு இதனால் சில கிலோபைட் கூடும், அவ்வளவுதான்.